வரிசை எண்ணின் விலை

2025 மார்ச் 17, திங்கட்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணி. எங்கள் தில்லிக் குடியிருப்பில் அந்த நேரத்தில் விளக்கு எரிந்த ஒரே வீடு மூன்றாவது மாடிப் பேராசிரியருடையது. புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். மகள் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் வேலை பார்க்கிறாள். அவளோடு தொலைபேசியில் பேசுவதற்கு ஏதாவது ஒரு விஷயம் வேண்டுமே என்று தொடங்கிய பழக்கம், மனிதரை அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் தீவிர ரசிகராக்கிவிட்டது. அங்கே ஞாயிறு இரவு எட்டு மணி. தேசியப் போட்டிக்குத் தேர்வான 68 அணிகளின் பட்டியலைத் தொலைக்காட்சியில் அறிவிக்கும் நேரம். "ஒரு அநியாயம் நடக்கப்போகிறது ஸார், சாட்சிக்கு ஆள் வேண்டும்" என்று சொல்லி என்னையும் எழுப்பி உட்காரவைத்திருந்தார்.

அவர் பயந்தபடியே நடந்தது. முதல் எண் பெற்ற நான்கு அணிகள் யுசிஎல்ஏ, சவுத் கரோலினா, டெக்ஸஸ், யுஎஸ்சி. அவருடைய கனெக்டிகட் அணிக்குக் கிடைத்தது இரண்டாம் எண். உடனே மகளுக்குத் தொலைபேசி.

"ஒரு மாசம் முன்னாடி சவுத் கரோலினாவை அவங்க ஊர்லயே 29 பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. தோத்தவங்களுக்கு ஒண்ணு, ஜெயிச்சவங்களுக்கு ரெண்டா?"

"அது ஒரு மேட்ச்தானே அப்பா? முழு சீசனையும் பாருங்க. யுஎஸ்சி கிட்ட தோத்தாங்க. நோட்ர டேம் கிட்ட தோத்தாங்க. டென்னஸி கிட்டயும் தோத்தாங்க. மத்தபடி ஜெயிச்சது பெரும்பாலும் யாரை? அவங்க லீக்ல இருக்கிற சின்ன டீம்களை."

"அப்போ பலத்துக்கு மதிப்பே இல்லையா?"

"பலம் வேற, ரெக்கார்டு வேற அப்பா."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கடைசி வாக்கியத்திலேயே விவகாரம் முழுவதும் அடங்கியிருப்பதாகத் தோன்றியது. ஒவ்வொரு மார்ச் மாதமும் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் இதைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். விளையாட்டுச் சண்டைதானே என்று நானும் முதலில் அலட்சியமாகத்தான் இருந்தேன். கொஞ்சம் கிளறிப் பார்த்தபோது, அந்த எண்ணுக்கு ஒரு விலை இருப்பதும், அதைக் கொடுப்பவர்கள் வேறு யாரோ என்பதும் தெரிந்தது.

முதலில் போட்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நடத்துவது என்சிஏஏ என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். பெண்களுக்கு 1982இல் 32 அணிகளோடு தொடங்கியது. 1994இல் 64 ஆயிற்று. 2022 முதல் 68. கல்லூரிகள் எல்லாம் பல கூட்டமைப்புகளாகப் பிரிந்து விளையாடுகின்றன. ஒவ்வொரு கூட்டமைப்பின் சாம்பியனுக்கும் இடம் நிச்சயம். மீதி இடங்களை ஒரு தேர்வுக்குழு நிரப்புகிறது. பிறகு எல்லா அணிகளையும் வரிசைப்படுத்தி, நான்கு பிரிவுகளில் போட்டு, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை எண் கொடுக்கிறது. ஒன்றாம் எண் பதினாறாம் எண்ணோடு மோதும். எட்டு ஒன்பதோடு. ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த எண்ணை ஆங்கிலத்தில் 'சீட்' என்கிறார்கள். விதை. விதைகளை ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாகத் தூவுவது போல, வலுவான அணிகள் ஆரம்பத்திலேயே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் பிரித்துவைப்பது. டென்னிஸ் பார்ப்பவர்களுக்குப் பழக்கமான விஷயம்தான்.

ஆனால் டென்னிஸுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. விம்பிள்டனில் முதல் நிலை வீராங்கனைக்கும் தரவரிசையே இல்லாத பெண்ணுக்கும் அதே புல்தரைதான். முதல் நிலை வீராங்கனையின் சொந்த ஊரில் போய் யாரும் ஆட வேண்டியதில்லை. கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் அப்படி ஆட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு எண்களைப் பெறும் அணிகள், அதாவது மொத்தம் 16 அணிகள், முதல் இரண்டு சுற்றுகளையும் தங்கள் சொந்த அரங்கத்திலேயே ஆடலாம். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டும். ஆண்கள் போட்டியில் இந்த ஏற்பாடு கிடையாது. அவர்களுடைய ஆட்டங்கள் பொதுவான ஊர்களில் நடக்கின்றன.

ஏன் இந்தப் பாகுபாடு? காரணம் காலி நாற்காலிகள். 2015க்கு முன் பல ஆண்டுகள் பெண்களுக்கும் இடங்களை முன்கூட்டியே முடிவு செய்து பார்த்தார்கள். யாருடைய ஊரும் அல்லாத அரங்கங்களுக்கு மக்கள் வரவில்லை. ஓர் ஆண்டு முழுக்க உழைத்துத் தேசியப் போட்டிக்கு வந்த பெண்கள் வெறும் நாற்காலிகளுக்கு முன் ஆடினார்கள். எனவே 2015இல் முதல் 16 அணிகளின் ஊர்களுக்கே ஆட்டங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அரங்கம் நிரம்பியது. கூடவே எண்ணின் கனமும் கூடியது. தேர்வுக்குழு போடும் எண், எதிராளி யார் என்பதை மட்டும் தீர்மானிப்பதில்லை. யாருடைய வீட்டில் ஆட்டம், யார் தன் படுக்கையில் தூங்கி எழுந்து ஆடுவார், பத்தாயிரம் தொண்டைகள் யாருக்காகக் கத்தும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

இப்போது பேராசிரியரின் கேள்விக்கு வருவோம். பலம் என்றால் என்ன?

ஒரு கட்சி சொல்கிறது: இன்று இந்த இரண்டு அணிகளும் மோதினால் யார் ஜெயிப்பார்? அவர்தான் பலசாலி. இன்னொரு கட்சி சொல்கிறது: அது ஜோசியம். நவம்பர் முதல் மார்ச் வரை யாரை ஜெயித்தாய், எங்கே ஜெயித்தாய், யாரிடம் தோற்றாய் என்று மட்டும் பார். பரீட்சையில் வாங்கிய மார்க்கைப் பார், பையன் கெட்டிக்காரனா என்று கேட்காதே. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதாகத்தான் தேர்வுக்குழுவும் சொல்கிறது. சேர்க்கும் விகிதம் என்ன என்பதில்தான் தகராறு.

வெகுகாலம் ஆர்பிஐ என்ற கணக்கை நம்பியிருந்தார்கள். பெண்கள் கூடைப்பந்தில் 1980களிலிருந்து இதுதான் அளவுகோல். நூறு மார்க்கில் உன் வெற்றி விகிதத்துக்கு 25. உன் எதிராளிகளின் வெற்றி விகிதத்துக்கு 50. அந்த எதிராளிகளின் எதிராளிகளுக்கு 25. கவனியுங்கள், முக்கால் பங்கு மார்க் உங்கள் கையிலேயே இல்லை. ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் ஐம்பது புள்ளியில் ஜெயித்தாலும் ஒன்றுதான். ஒரு மட்டமான அணியை அடித்து நொறுக்கிவிட்டு வந்தால் உங்கள் கணக்கு இறங்கலாம். பெரிய அணியிடம் படுமோசமாகத் தோற்றுவிட்டு வந்தால் ஏறலாம். பேராசிரியர் இதை விளக்கியபோது, "என் மாணவன் எவனாவது இப்படி ஒரு சூத்திரம் எழுதியிருந்தால் ஃபெயில் போட்டிருப்பேன்" என்றார்.

2020-21 சீசனிலிருந்து பெண்கள் போட்டிக்கு 'நெட்' என்ற புதிய கணக்கு வந்தது. ஓர் அணி தன் கைக்குப் பந்து வரும் ஒவ்வொரு முறையும் எத்தனை புள்ளி எடுக்கிறது, எதிராளிக்கு எத்தனை விட்டுக்கொடுக்கிறது, அந்த எதிராளி எப்படிப்பட்டவர், ஆட்டம் யாருடைய ஊரில் என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கும். முன்னதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் கடைசி முடிவு கணிப்பொறியுடையது அல்ல. தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் கல்லூரிகளிலும் கூட்டமைப்புகளிலும் விளையாட்டு நிர்வாகம் பார்ப்பவர்கள். தங்கள் சொந்தக் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் அறையை விட்டு வெளியே போவது மாதிரி, மனதில் ஊறிய பழக்கத்தை விட்டு வெளியே போவது சுலபமல்ல. பெரிய பெயர் பெரியதாகவே தெரியும்.

சின்னக் கூட்டமைப்பில் இருக்கும் நல்ல அணிக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. ரெக்கார்டு வேண்டுமானால் பெரிய அணிகளோடு ஆட வேண்டும். பெரிய அணிகளோ அவர்களைத் தேடிப் போவதற்குத் தயங்கும். ஜெயித்தால் பெருமை இல்லை, தோற்றால் மானம் போகும். சிறிய ஊரின் அரங்கத்துக்கு வரவே மாட்டார்கள். எனவே, 'நீ யாரை ஜெயித்தாய்?' என்று தேர்வுக்குழு கேட்கும்போது அந்த அணியிடம் பதில் இருக்காது. பரீட்சைக்கே உட்காரவிடாமல் மார்க் கேட்பது போலத்தான்.

1998இல் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். ஹார்வர்ட் என்றால் நமக்குப் பெரிய பெயர். கூடைப்பந்தில் அப்படியல்ல. அது ஐவி லீக் என்னும் கூட்டமைப்பைச் சேர்ந்தது. அந்த லீகில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுப்பதே கிடையாது. படிப்புக்காக வந்த பெண்கள்தான் ஆட வேண்டும். அந்த ஆண்டு ஹார்வர்ட் லீக் சாம்பியன். அணியில் இருந்த ஆலிசன் ஃபீஸ்டர், நாட்டிலேயே சராசரியாக அதிகப் புள்ளி எடுத்த வீராங்கனை. தேர்வுக்குழு கொடுத்த எண் பதினாறு, அதாவது கடைசி. எதிராளி முதல் எண் பெற்ற ஸ்டான்ஃபோர்ட். ஆட்டம் கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டின் சொந்த அரங்கத்தில். அங்கே ஸ்டான்ஃபோர்ட் தோற்று நெடுநாள் ஆகியிருந்தது.

மார்ச் 14 அன்று ஹார்வர்ட் 71-67 என்று ஜெயித்தது. ஃபீஸ்டர் மட்டும் 35 புள்ளிகள். பதினாறாம் எண் ஒன்றாம் எண்ணைத் தோற்கடிப்பது ஆண்கள், பெண்கள் இரண்டு போட்டிகளிலும் அதுவே முதல் முறை. ஆண்கள் போட்டியில் அப்படி ஒன்று நடக்க மேலும் இருபது வருடங்கள், 2018 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்கள் போட்டியில் 2025 வரை இரண்டாவது தடவை நடக்கவேயில்லை.

இதை அதிசயம் என்று எழுதினார்கள். நிதானமாகப் பார்த்தால் இரண்டு தவறுகளின் கூட்டுத்தொகை என்றுதான் சொல்ல வேண்டும். போட்டி தொடங்கும் முன் சில நாட்களுக்குள் ஸ்டான்ஃபோர்டின் இரண்டு முக்கிய வீராங்கனைகள், கிறிஸ்டின் ஃபோக்லும் வனெஸா நைகார்டும், முழங்கால் தசைநார் அறுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சீசன் முழுக்க ஆடி முதல் எண்ணைச் சம்பாதித்த அணியும், அன்று மைதானத்தில் இறங்கிய அணியும் ஒன்றல்ல. ரெக்கார்டு ஒன்றாம் எண்ணுடையது, பலம் அப்படியல்ல. ஹார்வர்டுக்கு நேர்மாறு. பலம் இருந்தது, அதைக் காட்ட ரெக்கார்டு இல்லை. பேராசிரியர் மகளின் வாக்கியத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அதோடு முடியவில்லை. அடுத்த சுற்றில் ஹார்வர்டை வென்ற அணி ஆர்கன்ஸா. எண் ஒன்பது. ஸ்டான்ஃபோர்ட் விலகிய அதே பிரிவில் மேலும் முன்னேறி, கடைசி நான்கு அணிகளில் ஒன்றாகிவிட்டது. ஓர் எண் தவறினால் பாதிப்பு இரண்டு அணிகளோடு நிற்பதில்லை. அந்தப் பிரிவில் உள்ள பதினாறு அணிகளின் பாதையும் மாறிவிடுகிறது.

தேர்வுக்குழுவின் பக்கமும் பேச வேண்டும். 1982 முதல் 2025 வரை சாம்பியன் ஆன எந்த அணியும் மூன்றுக்குக் கீழான எண் பெற்றதில்லை. மூன்றாம் எண்ணோடு வந்து ஜெயித்ததும் மூன்று பேர்தான்: 1994இல் நார்த் கரோலினா, 1997இல் டென்னஸி, 2023இல் எல்எஸ்யு. இதில் டென்னஸி அந்த சீசனில் பத்து ஆட்டங்கள் தோற்ற அணி. மற்ற எல்லா ஆண்டுகளிலும் கோப்பை ஒன்றுக்கோ இரண்டுக்கோ போயிருக்கிறது. உச்சியில் இருப்பவர்களை அடையாளம் காண்பதில் குழு தவறுவதில்லை என்று இதை வைத்து வாதாடலாம்.

வாதாடலாம்தான். ஆனால் அந்தக் காலத்தில் உச்சியை அடையாளம் காண்பது பெரிய வித்தையா? 1995 முதல் 2016 வரை நடந்த 22 போட்டிகளில் கனெக்டிகட் 11 முறை, டென்னஸி 5 முறை சாம்பியன். இரண்டே கல்லூரிகள் பதினாறு கோப்பைகளை அள்ளிக்கொண்டு போன காலம் அது. யாரை முதலில் வைப்பது என்பதற்குத் தேர்வுக்குழுவே தேவையில்லை.

நிலைமை பிறகு மாறிவிட்டது. 2021 முதல் வீராங்கனைகள் ஓர் ஆண்டு உட்காராமலே கல்லூரி மாறலாம். அதே ஆண்டு முதல் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். திறமை பல ஊர்களுக்குப் பரவியது. 2023இல் முதல் எண் பெற்ற இரண்டு அணிகள் இரண்டாவது சுற்றிலேயே, அதுவும் சொந்த அரங்கத்திலேயே கவிழ்ந்தன. ஸ்டான்ஃபோர்டை எட்டாம் எண் ஓல் மிஸ் 54-49 என்று வென்றது. இண்டியானாவை ஒன்பதாம் எண் மயாமி 70-68 என்று வென்றது. இடைவெளி குறையும்போது வரிசைப்படுத்துவது கடினமாகும். கடினமாகும் நேரத்தில்தான் சொந்த ஊர் என்ற சலுகையின் எடையும் தெரியும்.

இதில் பணமும் சேர்ந்துகொண்டது. இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2021 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பெண்கள் போட்டி முழுவதும் டெக்ஸஸில், சான் அன்டோனியோ பகுதியில் நடந்தது. ஆரெகன் அணியின் செடோனா பிரின்ஸ் ஒரு சின்ன வீடியோ எடுத்து வெளியிட்டார். ஆண்களுக்கு ஒரு பெரிய கூடம் நிறைய உடற்பயிற்சிக் கருவிகள். பெண்களுக்கு ஒரு சிறிய அடுக்கு டம்ப்பெல்கள். நாடே பார்த்தது. விசாரணை அறிக்கை வந்தது. 'மார்ச் மேட்னஸ்' என்ற புகழ்பெற்ற பெயரைப் பெண்கள் போட்டிக்குப் பயன்படுத்த அனுமதித்ததே 2022இல்தான். ஆண்கள் போட்டியில் 2011 முதல் 68 அணிகள். பெண்களுக்கு அந்த எண்ணிக்கை வந்ததும் 2022இல்தான். இரண்டே வருடத்தில், 2024இல், சவுத் கரோலினாவும் ஐயோவாவும் மோதிய பெண்கள் இறுதி ஆட்டத்தைச் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1 கோடியே 48 லட்சம்.

ஆண்கள் போட்டியில் ஜெயித்த அணிகளின் கூட்டமைப்புகளுக்கு 1991 முதலே பங்குத் தொகை போய்க்கொண்டிருந்தது. பெண்கள் எத்தனை ஜெயித்தாலும் பூஜ்யம். 2025 ஜனவரியில்தான் பெண்களுக்கும் அப்படி ஒரு நிதி வைக்க என்சிஏஏ ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டுப் போட்டியிலிருந்தே கணக்கு. முதல் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலர். ஆடும் ஆட்டங்களுக்கு ஏற்பப் பங்கு. ஓர் ஆட்டம் ஜெயித்து அடுத்த ஆட்டத்துக்குப் போனால் பங்கு கூடும். 1998இல் ஹார்வர்ட் பெண்கள் சரித்திரம் படைத்தபோது, அந்த வெற்றிக்காக அவர்களுடைய லீகுக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை.

சங்கிலியைப் பாருங்கள். நல்ல எண் கிடைத்தால் சொந்த ஊர். சொந்த ஊரில் ஜெயிப்பது எளிது. ஜெயித்தால் பணமும் பெயரும். பணமும் பெயரும் இருந்தால் நல்ல வீராங்கனைகள் வருவார்கள். அடுத்த வருடம் மறுபடி நல்ல எண். ஒரு மதிப்பீடாகத் தொடங்கியது, தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளும் காரியமாக மாறுகிறது. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்காரவைக்கப்படும் பிள்ளைக்கே பலகை நன்றாகத் தெரியும், அவனே நன்றாக எழுதுவான், அதனால் மறுபடி முதல் பெஞ்சு.

2025 போட்டி எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் பேராசிரியர் வீட்டில் ஜாங்கிரி. அரையிறுதியில், போட்டியிலேயே தலைமை இடம் பெற்றிருந்த யுசிஎல்ஏயை கனெக்டிகட் 85-51 என்று துவைத்துப்போட்டது. இறுதியில் சவுத் கரோலினாவை 82-59. பன்னிரண்டாவது கோப்பை. 2016க்குப் பிறகு முதல் தடவை.

"இப்ப என்னம்மா சொல்றே? ரெண்டாம் நம்பராம்!" என்று தொலைபேசியில் முழங்கினார்.

"சந்தோஷம் அப்பா. ஆனா மார்ச் 16ஆம் தேதி ராத்திரி அவங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்ததோ அதை வெச்சுத்தானே நம்பர் போட முடியும்? ஏப்ரல்ல நடந்ததை வெச்சு எப்படிப் போடறது? அதோட, யுஎஸ்சியை ஜெயிச்சப்ப அந்த டீம்ல ஜுஜு வாட்கின்ஸ் இல்லையே."

உண்மைதான். யுஎஸ்சியின் நட்சத்திரம் வாட்கின்ஸ் இரண்டாவது சுற்றில் முழங்கால் தசைநார் அறுந்து போட்டியை விட்டே வெளியேறியிருந்தார். கால் இறுதியில் கனெக்டிகட் சந்தித்தது அவர் இல்லாத யுஎஸ்சியை. முடிவை வைத்து எண்ணை எடைபோட்டால், விபத்தையும் நீதிபதியாக்கிவிடுவோம். மகள் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. "ரெண்டாம் நம்பரால அவங்க என்ன இழந்தாங்க அப்பா? முதல் ரெண்டு மேட்ச்சையும் சொந்த ஊர்லதானே ஆடினாங்க?"

பேராசிரியர் பதில் சொல்லவில்லை. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. ஒன்றா இரண்டா என்று நாடு முழுக்கக் கத்திய சண்டையில் இழப்பே பெரிதாக இல்லை. தலைமை இடம் தங்களுக்கே வந்திருக்க வேண்டும் என்று சவுத் கரோலினாவின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி வெளிப்படையாகவே குறைப்பட்டார். அவர் அணியும் சொந்த ஊரில்தான் தொடங்கியது. உண்மையான கோடு இன்னும் கீழே, நான்காம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் நடுவில் இருக்கிறது. பதினாறாவது அணிக்கு வீடு. பதினேழாவது அணிக்கு விமான டிக்கெட்.

2025இல் அந்தக் கோட்டில் நடந்ததைப் பாருங்கள். நான்காம் எண் பெற்றவர்கள் பேலர், கென்டக்கி, ஒஹையோ ஸ்டேட், மேரிலண்ட். ஐந்தாம் எண் ஓல் மிஸ், கன்ஸஸ் ஸ்டேட், டென்னஸி, அலபாமா. முதல் சுற்றில் எட்டு அணிகளுமே ஜெயித்து, இரண்டாவது சுற்றில் நேருக்கு நேர் மோதின. பேலர் ஊரில் ஓல் மிஸ் 69-63. ஒஹையோவில் டென்னஸி 82-67. கென்டக்கியில் கன்ஸஸ் ஸ்டேட் கூடுதல் நேரத்தில் 80-79. நான்கில் மூன்று ஆட்டங்களில் விருந்தாளி ஜெயித்தார். நான்காவது ஆட்டத்தில் மேரிலண்டிடம் அலபாமா தோற்றது 111-108, அதுவும் இரண்டு முறை கூடுதல் நேரம் ஆடிய பிறகு. வீட்டையும் பயணத்தையும் பிரித்துக் கொடுத்த அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தவர்கள் கீழே இருந்தவர்களைவிடப் பலசாலிகள் என்று இதைப் பார்த்த பிறகு யார் சத்தியம் செய்வார்கள்?

சொந்த ஊர்ச் சலுகையை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காலி நாற்காலிகளின் கதை எனக்கும் தெரிகிறது. ஆனால் இவ்வளவு விலையுள்ள ஒரு கோட்டை வரையும்போது, அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் அணிகளைப் பற்றிக் குழு காரணம் சொல்லலாம். சீசன் முடியும் முன்பே முதல் 16 அணிகளின் பட்டியலை வெளியிட்டுக் காட்டும் பழக்கம் இருக்கிறது. நல்ல பழக்கம். பதினேழு முதல் இருபத்துநான்கு வரையும் காட்டினால் என்ன? பெரிய அணிகள் சின்னக் கூட்டமைப்பின் அரங்கத்துக்குப் போய் ஆடினால் அதற்கென்று தனி மதிப்புக் கொடுத்தால் என்ன? அப்போது ஹார்வர்ட் மாதிரியான அணிகளுக்குப் பரீட்சை எழுதவாவது ஒரு வாய்ப்பு வரும்.

முன்னேற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1998இல் பதினாறாம் எண்ணோடு ஒற்றை அணியாக வந்த ஐவி லீகிலிருந்து 2025இல் மூன்று அணிகள் தேசியப் போட்டிக்கு வந்தன. ஹார்வர்டின் எண் பத்து. வெளியூர் போய்த்தான் ஆடினார்கள், முதல் சுற்றிலேயே தோற்றார்கள். ஆனாலும் இருபத்தேழு வருடத்தில் பதினாறிலிருந்து பத்து. அந்த லீக்குக்குப் பணமும் வந்தது.

ஜாங்கிரி சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது பேராசிரியரிடம் கேட்டேன்: "அந்தப் பட்டியலில் பதினேழாவது அணி எது ஸார்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். முதல் நான்கையும் புள்ளி விவரங்களோடு ஒப்பிக்கக்கூடிய மனிதர்.

"தெரியலையே" என்றார். "அதை யாரும் டிவியில பேசலையே."